சஃபீர் பாயின் கோடு

காலை ஒன்பது மணிக்கு முருகேஸ்வரி செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு லேபின் மெஷின் அறைக்குள் நுழைந்தாள். வெளியே மண்டபம் கடற்கரையின் வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த அறைக்கோ ஜன்னலே கிடையாது. ஏசிக் குளிர், திரையின் நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஈரவலை வாடையும் அடித்தது.

மெஷினில் தங்கம் பூசிய கண்ணாடிச் சிப் ஒன்று இருக்கும். அதில் கடல்பாம்பு விஷத்தை ஒட்டி, ரத்தத்திலிருந்து தெளியவைத்த சீரத்தை மேலே ஓடவிடுவார்கள். அடியிலிருந்து ஒளி பாயும். சீரத்தில் இருக்கிற எதுவாவது விஷத்தைப் பிடித்துக்கொண்டால் திரையில் கோடு ஏறும். பிடி விட்டால் இறங்கும்.

பாம்பு கடித்தும் பிழைத்த மீன்காரர் சஃபீர் பாய். அவர் சீரத்துக்குத்தான் கோடு ஏறியது. லேசில் இறங்கவும் இல்லை. "மருந்தே இந்த ஆள் உடம்புலதான் இருக்கு" என்றார் லேபை நடத்தும் சேதுபாண்டியன் சார். இந்த மாதம் ரிசல்ட் வரவில்லையென்றால் முருகேஸ்வரிக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் முதல் பட்டதாரி அவள். வேலை போனால் வாலிநோக்கம் உப்பளத்தில், அம்மாவோடு வெடித்த குதிகாலோடு நிற்கவேண்டியதுதான்.

அதனால்தான் போன புதன்கிழமை காய்ச்சலோடு வந்தவரை அவள் விடவில்லை.

"தலை சுத்துது தங்கச்சி. போன வாரந்தான ரத்தம் குடுத்தேன்?"

"ஒரே ஒரு ட்யூப் பாய். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மூன்று ட்யூப் எடுத்தாள். நோட்டில் ஒன்று என்று எழுதினாள். மறுநாள் வலை இழுக்கையில் பாய் மயங்கிக் கடலில் விழுந்தார். உடல் இன்னும் ஒதுங்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, பாம்பு கடிக்காத ஆளின் சீரமும் வேண்டும். இந்த லேபில் அதற்கு யாரும் அலைவதில்லை. தங்கள் கையிலேயே ஊசியை ஏற்றி ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். அவளும் எடுத்து மெஷினில் விட்டாள். அவள் கோடு எப்போதும் தரையோடு படுத்துக்கிடக்கும்.

இன்றைக்கு ஏறியது.

ட்யூப் மாறிவிட்டதா? பாயின் மூன்றும் சீல் உடையாமல் ஐஸில் கிடந்தன. பிடித்ததைப் பிரித்தெடுக்கும் அமிலம் விட்டுச் சிப்பைக் கழுவினாள்.

இறங்கவில்லை.

புதுச் சிப் மாட்டினாள். ஏறியது. பாயின் பழைய கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். மயிரிழை விலகவில்லை.

பிடரியில் ஈரமூச்சு பட்டது.

"தலை சுத்துது தங்கச்சி."

திரும்பினாள். யாருமில்லை. கத்த வாயெடுத்தாள். தாடை பூட்டிக்கொண்டது. கடல்பாம்பு விஷம் அதைத்தான் செய்யும்; அவள் கையாலேயே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு சேதுபாண்டியன் சார் வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யாரு சீரம் புள்ள இது?"

அவள் தன்னையே காட்டினாள்.

"அட! பாய் போனா என்ன, நீ இருக்கியே! கையை நீட்டு."

அவள் தலையை ஆட்டினாள். நாற்காலியை விட்டு எழக் கால் வரவில்லை.

"என்ன பிகு பண்ற? ஒரே ஒரு ட்யூப்தான். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மூன்று ட்யூப் எடுத்தார். நோட்டில் ஒன்று என்று எழுதினார்.

பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே, விசிலடித்துக்கொண்டே தன் கையில் ஊசியை ஏற்றி, தெளிந்த சீரத்தை மெஷினில் விட்டார்.

முருகேஸ்வரியின் இமைகள் சரிந்தன. மிச்சமிருந்த பிளவு வழியே திரையைப் பார்த்தாள். சாரின் கோடு தரையை விட்டு எழும்பியது. அவள் சிரிக்கப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை.

விசில் பாதியில் நின்றது.