இருபது லேப்டாப், ஒரு குற்றவாளி

"ஐயோ... போச்சு! எல்லாம் போச்சு!"

ஆம்பூரின் அந்தப் பெண்கள் பள்ளியில், கம்ப்யூட்டர் லேபிலிருந்து கிளம்பிய அலறலில் பக்கத்து வகுப்பு கப்சிப்!

கம்ப்யூட்டர் டீச்சர் மெர்சி ஓடி வந்தாள்.

உள்ளே, வேலூர் சாப்ட்வேர் விற்பனையாளன் இன்பராஜ் தலையில் கை வைத்து நின்றிருந்தான்.

எதிரே, ஒரு ஷூ கம்பெனி பள்ளிக்குக் கொடுத்த இருபது மலிவு விலை லேப்டாப்கள்.

"நேத்து நான் போட்ட ஆபீஸ் சாப்ட்வேர் ஒண்ணுலயும் இல்ல டீச்சர்! யாரோ அழிச்சிட்டு இலவச சாப்ட்வேரைப் போட்டு வெச்சிருக்காங்க!"

மெர்சி ஒரு லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். உண்மைதான்!

"இந்த மெஷின்ல மெமரி கம்மி மேடம். இலவச சாப்ட்வேரே போதும்" என்று தலைமை ஆசிரியை அஃப்ஸர் ஜஹானிடம் நேற்று வாதாடியவள் அவள்தான்.

"ஓசியில வர்றது ஒழுங்கா வேலை செய்யாது" என்று மேடம் அவள் வாயை அடைத்ததும் பள்ளி முழுக்கத் தெரியும்.

காலையில் இன்பராஜுக்கு லேபைத் திறந்துவிட்ட சாவி வேறு அவள் கைப்பையில்!

இன்பராஜ் போலீசுக்குப் போன் போட்டான். இருபதே நிமிடம்... சப்-இன்ஸ்பெக்டர் நவநீதன் வந்து இறங்கினார்.

"டீச்சர், உண்மையைச் சொல்லிடுங்க... நீங்கதானே?"

"இல்ல சார்! அது வேணும்னு கேட்டேன். கேட்டு குடுக்கலன்னா திருட்டுத்தனமா போட மாட்டேன்!"

வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம்... இதற்குள் கெட்ட பெயரா?

"அரெஸ்ட் பண்ணுங்க சார்!" துள்ளினான் இன்பராஜ்.

"கம்ப்ளைண்ட் இல்லாம எப்டி? எழுதிக் குடுங்க."

இன்பராஜ் தன் லேப்டாப்பைத் திறந்து மடமடவென்று தட்டினான்.

நவநீதன் எட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இன்னா தம்பி... அந்த இருபதுல இருக்கற இலவச சாப்ட்வேர்தானே உன்னுதுலயும் இருக்குது?"

விரல்கள் அந்தரத்தில் நின்றன!

"அது... வந்து... இதுவும் கம்மி விலை லேப்டாப் சார். எங்க சாப்ட்வேரைப் போட்டா... அப்டியே நின்னுடுது."

"அடப்பாவி! சரி, இந்த இருபதுலயும் அழிச்சது யாரு?"

"நான்தான்!"

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில்... வெளியே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய அஃப்ஸர் ஜஹான்!

"மேடம்... நீங்களா?"

"நேத்து சாயங்காலம் லேப்ல ஒரு லெட்டர் அடிக்க உக்காந்தேன் மெர்சி. இவர் சாப்ட்வேர் தொறக்கறதுக்குள்ள மசூதியில மக்ரிப் தொழுகைக்குப் பாங்கே சொல்லிட்டாங்க! ஒரே பேஜார். உன் பென் டிரைவ் மேஜை மேல இருந்துச்சு... இவரோடதை அழிச்சிட்டு அதுல இருந்ததை ஒண்ணுல போட்டேன். சர்ருனு தொறந்துச்சு! காலைல ஏழு மணிக்கே ஆபீஸ்ல இருக்கற இன்னொரு லேப் சாவியை எடுத்துட்டு வந்து மீதி பத்தொம்பதுலயும் போட்டுட்டேன். உங்கிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

மெர்சி பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதம்மா. இனிமே லேப்ல நீ சொல்றதுதான்."

இன்பராஜைக் காணவில்லை. பையையும் காணவில்லை!

நவநீதன் தொப்பியை மாட்டிக்கொண்டு மெர்சியிடம் குனிந்தார்.

"அந்த பென் டிரைவை எங்கிட்ட குடுங்க டீச்சர்."

"கேஸ்தான் முடிஞ்சிடுச்சே சார்?"

"கேஸ் முடிஞ்சிடுச்சு... எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர்தான் திங்கட்கிழமைலேர்ந்து இன்னும் தொறந்துகிட்டே இருக்குது!"