நான்காம் நம்பருக்கு வாழ்த்துகள்

ஏகப்பன் தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார்.

அந்த அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாவது ஒன்றும் புதிதில்லை. இதுவரை ஊழியர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் முறை வந்தது இதுதான் முதல் தடவை!

வெள்ளிக்கிழமை. காலை பதினொன்று இருபது.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. சாஃப்ட்வேர் கம்பெனி. எம்.டி. அறை.

பின்மண்டையில் ஒரே அடி... தீர்ந்தது கதை.

நாற்காலிக்குக் கீழே ஒரு பித்தளைக் கேடயம் கிடந்தது. 'ஊழியர் உள்ளம் மகிழும் நிறுவனம்' என்று பொறித்த விருது. ஏகப்பன் தாமே சொல்லிச் செய்து வாங்கிக்கொண்டது. எடை நாலு கிலோ. பெருமை நாற்பது கிலோ!

முதலில் பார்த்தவர் காப்பி போடும் ஆசைத்தம்பி. வயது ஐம்பத்தெட்டு. அவர் அலறவில்லை. தோளில் கிடந்த துண்டால் கேடயத்தைத் துடைத்தார். மேசையைத் துடைத்தார். கதவுக் கைப்பிடியையும் பளபளவென்று துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எம்.டி. சார் எந்திரிக்க மாட்டேங்கிறாரு. காப்பியை மூடி வெக்கவா?"

அப்புறம்தான் மற்றவர்கள் அலறினார்கள்.

அந்த அலறல் பின்கட்டு ஸ்டோர் ரூமில், காலி அட்டைப்பெட்டிகளுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவே லேப்டாப்போடு ஒளிந்திருந்த யோகலட்சுமியின் காதில் விழுந்தது.

அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

காரணம்... கொலை நடக்கப்போவது பதினைந்து நிமிடம் முன்பே அவளுக்குத் தெரியும்!

போதாக்குறைக்கு, அதற்கு வாழ்த்துச் சொன்னதே அவள்தான்!

*

எல்லாம் திங்கட்கிழமை தொடங்கிய வினை.

"வேலை பாக்குறவுக மனசுக்கு ஆறுதல் சொல்ற ஆப் ஒண்ணு செய்யுறோம்," என்றார் ஏகப்பன். "அஞ்சே நாள். திங்கள் யோசி, செவ்வாய் படமா வரை, புதன் எது நல்லதுன்னு ஓட்டுப் போடு, வியாழன் செய், வெள்ளி ஆளை வெச்சு டெஸ்ட் பண்ணு. அதுவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

மன அழுத்தத்தைக் குறைக்கும் செயலிக்காக முப்பது பேர் நாலு நாள் குளிக்கவில்லை. சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகளாக ஒட்டினார்கள். வியாழக்கிழமை லைட் சுவிட்ச் எங்கே என்று தேட ஒரு தனிக்குழு போட வேண்டியதாயிற்று!

வியாழன் மாலை கையில் இருந்தது வெறும் திரை மட்டும். உள்ளே ஒன்றுமே இல்லை.

டிசைன் ஹெட் சிந்துதான் வழி சொன்னாள். தொழிலில் உள்ள வழிதான். செய்து முடிக்கும் முன்னால் மாதிரியை வைத்துச் சோதிப்பது. முன்னறையில் ஒருவர் போனில் மனக்குறையை எழுதுவார். அது ஸ்டோர் ரூமுக்கு வரும். அங்கே ஒளிந்திருக்கும் ஆள், மெஷின் மாதிரி பதில் அனுப்ப வேண்டும்.

அந்த மெஷின்தான் யோகலட்சுமி!

அவளிடம் ஒரு தாளில் பன்னிரண்டு பதில்கள். நம்பரைத் தட்டினால் பதில் போகும். எட்டு செகண்டுக்குள் போக வேண்டும். ஒன்பதாவது செகண்டில் மனுசன் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

சோதிக்க வருபவர்கள் ஐந்து பேர். எல்லோரும் அதே அலுவலகத்து ஆட்கள். பெயர் கிடையாது, நம்பர்தான். 'நீங்கள் எழுதுவதை எந்த மனிதரும் படிக்க மாட்டார்' என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஆள் இருப்பது ஏகப்பன், சிந்து, யோகலட்சுமி மூவருக்கு மட்டுமே தெரியும்.

பதினொன்று ஐந்துக்கு நான்காம் நம்பர் எழுதிற்று.

'எங்க எம்.டி. மண்டைல ஓங்கி ஒண்ணு போடணும்னு ஆறு வருசமா ஆசை. தைரியம்தான் வரல.'

எட்டு... ஏழு... ஆறு...

யோகலட்சுமி தாளைத் தேடினாள். 'பயனர் தயங்கினால், பதில் 7.' தட்டினாள்.

'தயக்கமே உங்கள் எதிரி. எண்ணியதை இன்றே, இப்போதே செய்யுங்கள். வாழ்த்துகள்!'

கூடவே ஒரு தங்க நட்சத்திரமும் போயிற்று.

'நெசமாவா?' என்றது நான்கு.

'பயனர் உறுதி கேட்டால், பதில் 3.'

'நிச்சயமாக. நாங்கள் உங்களுடன் இருக்கிறோம்.'

அத்தோடு நான்காம் நம்பர் எழுந்து போய்விட்டது.

*

இன்ஸ்பெக்டர் காளிராஜ் பன்னிரண்டு மணிக்கு வந்தார். மூன்று மாதமாக ஒருநாள் லீவு கிடைக்காத மனிதர். கண் இரண்டும் கொவ்வைப்பழம்.

"கேடயத்துல யார் ரேகை இருக்கு?"

"ஒரே ஒருத்தர் ரேகைதான் சார்," என்றார் ரைட்டர். "காப்பிக்காரர் ஆசைத்தம்பி."

"ஏன்யா துடைச்ச?"

"அழுக்கா இருந்துச்சுங்கய்யா," என்றார் ஆசைத்தம்பி.

"அது ரத்தம்யா."

"ரத்தம்னாலும் கறைதானுங்களே."

காளிராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவனை வண்டில ஏத்துங்க."

ஸ்டோர் ரூம் கதவு இடுக்கில் இதைப் பார்த்த யோகலட்சுமி எழுந்தாள். சிந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எங்குட்டு கிளம்பிட்ட?"

"ஆசைத்தம்பி அண்ணனைக் கூட்டிட்டுப் போறாக மேடம். செஞ்சது நாலாம் நம்பரு. சொல்ல வேணாமா?"

"சொல்லு. உள்ள மெஷின் இல்ல, நீதான் இருந்தேன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். திங்கக்கிழமை பெங்களூர்ல இருந்து ஆப்பை வாங்குறவுக பாக்க வாராக. முப்பது பேருக்கும் வேலை போயிரும். பரவால்லையா?"

"நாலு யாரு மேடம்? லிஸ்ட் உங்ககிட்டதான இருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாது யோகா. ரகசியம் காப்போம்னு கதவுல ஒட்டியிருக்கோம்."

"ஒரு உசுரு போயிருக்கு மேடம்."

"அதான் சொல்றேன். கொன்னவனுக்கு வாழ்த்துச் சொன்னது யாரு? கூடவே இருக்கோம்னு சொன்னது யாரு? போலீஸ்ல அதுக்குப் பேரு தூண்டுதல். உன்னையும் சேத்துத்தான் வண்டில ஏத்துவாக. ஆசைத்தம்பிக்கு நல்ல வக்கீலா வெச்சுக்கலாம், நீ உக்காரு."

யோகலட்சுமி உட்கார்ந்தாள்.

எட்டு செகண்ட் உட்கார்ந்தாள்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

"சார்... தப்பான ஆளை ஏத்துறீக."

காளிராஜ் திரும்பினார். "நீ யாரும்மா?"

"நான்தான் சார் ஆப்பு."

முழுதாகச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. லேப்டாப்பைக் காட்டினாள். காளிராஜ் படித்தார். ரைட்டர் படித்தார். சுற்றி நின்ற ஊழியர்கள் ஒவ்வொருவராக முகம் வெளுத்தார்கள். மெஷின் என்று நம்பி என்னென்ன எழுதித் தொலைத்தார்களோ... பாவம்!

"நாலாம் நம்பர் யாரு? லிஸ்ட்டைக் குடும்மா," என்றார் காளிராஜ்.

சிந்து லிஸ்ட்டை நீட்டினாள். காளிராஜ் விரல் வைத்துப் படித்தார்.

"நாலு... ஆசைத்தம்பி."

யோகலட்சுமி லிஸ்ட்டை எட்டிப் பார்த்தாள். காப்பாற்றப் போய்க் கழுத்துக்குக் கயிறே திரித்துக் கொடுத்துவிட்டாளே!

"சரியான ஆளைத்தான் ஏத்துனேன் போல," என்றார் காளிராஜ். "ஏன்யா, நீதான நாலு?"

"ஆமாங்கய்யா."

"எழுதுனியா?"

"இல்லீங்க. எனக்கு அந்தத் தடவுற போனெல்லாம் ஆகாது. போதாததுக்கு அடுப்புல பாலு வெச்சிருந்தேன். பொங்குற நேரம். எனக்குப் பதிலா சிவராஜ் சாரை உக்காரச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேடயத்தைப் பத்தித்தானுங்களே கேட்டீக."

முப்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

சிவராஜ். அந்தக் கம்பெனியின் மகிழ்ச்சி அதிகாரி. தினமும் ஒன்பது மணிக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, 'ஹா ஹா ஹா' என்று சிரிக்கவைப்பது அவன் வேலை. ஆறு வருடமாக முகத்தில் சிரிப்பை ஆணி அடித்து மாட்டியிருந்தான்.

அந்தச் சிரிப்பு மெதுவாகக் கழன்று விழுந்தது.

"ஆமா சார், நான்தான்," என்றான். "சொந்தக் கல்யாணத்துக்கு அரை நாள் லீவு குடுத்தாரு. தாலி கட்டிட்டு மத்தியானம் வந்து எல்லாரையும் சிரிக்க வெச்சேன். போன வாரம் பிள்ளை பிறந்துச்சு. கால் நாள்தான் தருவேன்னாரு."

காளிராஜ் ஏனோ தன் லீவு விண்ணப்பத்தை நினைத்துக்கொண்டார்.

"அதுக்காக அடிச்சுக் கொல்லுறதா?"

"தைரியமே இல்லாமத்தான் சார் இருந்தேன். மெஷின் சொல்லுச்சு... இப்பவே செய்யின்னு. நட்சத்திரம் வேற குடுத்துச்சு. ஆறு வருசத்துல எனக்கு இந்த ஆபீஸ்ல கிடைச்ச ஒரே பாராட்டு அதான் சார்." யோகலட்சுமியைப் பார்த்தான். "நீதானா அது? கூடவே இருக்கோம்னு சொன்னியே, இப்ப கூட வாரியா?"

காளிராஜும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூண்டிவிட்டது குத்தம்தாம்மா. வண்டில இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு."

யோகலட்சுமி தன் பதில் தாளை நீட்டினாள். "நான் நம்பரைத்தான் தட்டுனேன் சார். அந்தப் பதிலை எழுதுனது நான் இல்ல."

"அப்ப யாரு?"

அவள் சிந்துவைப் பார்த்தாள். சிந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் மஞ்சள் சீட்டுகள் மட்டுமே இருந்தன.

"நான் முதல்ல எழுதுனது வேற சார்," என்று மெல்ல இழுத்தாள் சிந்து. தன் பையிலிருந்து மூலத்தாளை எடுத்தாள்.

பதில் 7. அச்சில் இருந்தது: 'கொஞ்சம் பொறுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.'

அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய அடித்தல். கீழே கொட்டை எழுத்தில் புதிய பதில்: 'தயக்கமே உங்கள் எதிரி...'

ஓரத்தில் ஒரு குறிப்பு. 'பொறுக்கச் சொன்னால் எவனும் வேலை செய்ய மாட்டான். என் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.'

நேற்றைய தேதி. கையெழுத்து... ஏகப்பன்!

காளிராஜ் அதை இரண்டு தடவை படித்தார். ஸ்ட்ரெச்சரில் போர்த்திப் படுத்திருந்தவரை ஒரு தடவை பார்த்தார்.

"சார், தூண்டுனவர் பேரு என்னன்னு எழுதட்டும்?" என்றார் ரைட்டர்.

"ஏகப்பன்னு எழுது."

"செத்தவர் பேரு சார் அது."

"ரெண்டு கட்டத்துலயும் எழுதுய்யா. மனுசன் வேலையைச் சுத்தமாப் பாத்திருக்காரு, ஆள் வெச்சுத் தன்னையே டெஸ்ட் பண்ணியிருக்காரு."

யோகலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆசைத்தம்பி அடுப்படிக்குத் திரும்பினார். சிவராஜ் அமைதியாக வண்டியில் ஏறினான்.

படி இறங்கப்போன காளிராஜ் நின்றார்.

"அந்த முதல் மூணு நம்பரு... அவுக என்னம்மா எழுதியிருந்தாக?"

கூடத்தில் மூன்று பேர் சட்டென்று தரையைப் பார்த்தார்கள்.

"அதையேதான் சார்," என்றாள் யோகலட்சுமி. "மூணு தடவையும் நான் ஏழாம் பதிலைத் தட்டுறப்ப நெட்டு போயிருச்சு. நாலாவதுக்குத்தான் டவர் நல்லா எடுத்துச்சு."