நியூ ஹனோவர் பள்ளிக் கிணறு

ஆர்டித் கோல்ஸ்டாட் சமையலறைக்குள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். வெர்னா டீடமன் ஊற்றிக் கொடுத்த காப்பியை வாங்கி மேசையில் வைத்தாள்.

"மூணாவது தடவையா எழுதியிருக்கு, வெர்னா. பள்ளிக்கூடக் கதவு பூட்டினபடியே இருக்கு. உள்ள கரும்பலகையில எழுத்து."

அயோவாவில் லிபர்ட்டி என்ற அந்த ஊரில் ஆர்டித்தைத் தெரியாதவர்கள் இல்லை. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றை அறைப் பழைய பள்ளிக்கூடம்தான் இப்போது கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், அருங்காட்சியகம். அதைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வெர்னா முப்பது வருடம் நீதிமன்றக் கட்டடத்தில் நிலப் பத்திரங்களைக் காத்தவள். காவல் அதிகாரியான ஷெரீஃபிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களை ஜனங்கள் அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

"என்ன எழுதியிருக்கு?"

ஆர்டித் ஒரு தாளை நீட்டினாள். முதல் நாள்: 'கிணற்றைத் தொடாதீர்கள்.' இரண்டாம் நாள்: 'பிள்ளைகள் அதற்குள் தூங்குகிறார்கள்.' இன்று காலை: 'லிபர்ட்டி மக்களே, அந்தக் காய்ச்சலை வெளியே விடாதீர்கள். ஆசிரியை ஆல்மா ரீஸ், 1889.'

அந்த வருடம் தொண்டை அடைப்பான் நோயில் ஒன்பது பிள்ளைகளும் ஆல்மா ரீஸும் இறந்தது ஊரறிந்த கதை. கவுண்டியின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்காகப் பள்ளி முற்றத்தில் மூடிக்கிடக்கும் கிணற்றை மறுநாள் திறப்பதாக இருந்தார்கள்.

"ஆவி சாக்பீஸ் தேடி எடுத்து எழுதுமா? உயிரோட இருக்கற எங்க வீட்டுக்காரிக்கே தேடினா ஒரு பேனா கிடைக்காது" என்றார் லைல் பிராண்ட்வோல்ட். பக்கத்து வீட்டுக்காரர், தானிய லாரி ஓட்டியவர். வெர்னா எங்கே கிளம்பினாலும் அவருடைய வண்டிதான்.

"சும்மா இருங்க, லைல். சாவி யார் யார்கிட்ட இருக்கு, ஆர்டித்?"

"என்கிட்ட. விழாக் கமிட்டி வெண்டெல் ஓபிட்ஸ்கிட்ட. அப்புறம் கார்டன் அத்தான்கிட்ட."

கார்டன் சேயர் ஆர்டித்தின் அக்கா ஜாய்ஸின் கணவர். 1979-இல் ஓஹாயோவிலிருந்து வந்து மணந்துகொண்டவர். ஐந்து வருடத்தில் ஜாய்ஸ் அவரை விட்டு டென்வருக்குப் போய்விட்டாள். அவர் இங்கேயே தங்கிவிட்டார்.

வெர்னா இரண்டு பேரிடமும் தொலைபேசியில் பேசிப் பள்ளிக்கு வரச் சொன்னாள். இன்னொரு இடத்துக்கும் பேசினாள். அது எங்கே என்று சொல்லவில்லை.

மதியமாகியும் மூடுபனி விலகவில்லை. அறுவடையாகாத சோளத்தட்டைகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டிருந்தன. ஆள் நடப்பது போன்ற அந்தச் சத்தத்துக்கு ஆர்டித் இருமுறை திரும்பிப் பார்த்தாள். பள்ளி வாசல் பலகையில் 'நியூ ஹனோவர்' என்று மங்கலாக இருந்தது. உள்ளே, அதே பெயரிட்ட 1889-ஆம் வருட வருகைப் பதிவேடு. சுவரில் 1983-இல் பழைய மாணவர்கள் கூடியபோது எடுத்த படம்: கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஒரு பெண் சிரித்தபடி முற்றத்துக் கிணற்றின் மேலிருந்த கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

வெண்டெல் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "நான்தான் எழுதினேன்னு சொல்லப்போறீங்களா? திறக்க வேண்டாம்னு கூட்டத்துல சொன்னேன், வாஸ்தவம். எங்க தாத்தாவோட தங்கச்சி அந்தக் காய்ச்சல்லதான் போனா. ஆனா இருட்டுல ஒளிஞ்சு எழுதற வேலை எனக்கு வேண்டியதில்ல."

கார்டன் தொப்பியைக் கழற்றி ஆர்டித்தின் தோளைத் தட்டினார். "பாவம், நடுங்கிப்போயிருக்கா. விட்டுடலாம், வெர்னா. 1936-லயே கவுண்டி ஆளுங்க கான்கிரீட் போட்டு மூடின கிணறு. எதுக்கு அதைக் கிளறணும்?"

வெர்னா ஒரு பிள்ளை உட்காரும் சின்ன பெஞ்சில் அமர்ந்தாள். "வெண்டெல், உங்க ஊர் பேர் என்ன?"

"நியூ ஹனோவர். 1918-ல ஜெர்மனியோட சண்டை நடந்தப்ப, ஜெர்மன் பேர் ஆகாதுன்னு லிபர்ட்டின்னு மாத்தினாங்க. எங்க தாத்தா மாட்டேன்னு சொன்னதுக்கு அவர் மேல சூடான தார் ஊத்தினாங்க. எங்க வீட்டுல இன்னிக்கும் யாரும் லிபர்ட்டிங்கற பேரைச் சொல்றதில்ல."

"அப்போ 1889-ல செத்துப்போன ஆல்மா ரீஸ் லிபர்ட்டின்னு எழுதியிருக்க முடியாது. வெண்டெல் செத்தாலும் எழுத மாட்டார். ஆர்டித்துக்குத் தேதியெல்லாம் மனப்பாடம். நியூ ஹனோவர்ங்கறது பள்ளிக்கூடத்தோட பேர்னு நினைச்சவர், வெளியூர்லேர்ந்து வந்தவர், ஒருத்தர்தான் மிச்சம்."

கார்டன் சிரித்தார். "ஒரு பேரை மாத்தி எழுதினா குத்தமா?"

"இல்ல. ஆனா இதைப் பாருங்க. 1936-ல மூடின கிணத்துல 1983-ல எப்படித் தண்ணி வரும்?" வெர்னா படத்தைக் காட்டினாள். "ஆர்டித், பம்ப் அடிக்கறது யாரு?"

ஆர்டித் படத்தருகே போனாள். "எங்க அக்கா."

"அடுத்த வருஷம் அவ ஊரை விட்டுப் போயிட்டதாச் சொன்னது நீங்க, கார்டன். கிணத்தை மூடினதுக்குக் கவுண்டிப் பதிவுல ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பதிவேடுகளைப் பார்த்துக்கிட்டவ நான்."

வெளியே தட்டைகள் உரசின. கார்டன் வாசலைப் பார்த்தார். லைல் எப்போதோ அங்கே போய் நின்றிருந்தார். அவர் முகத்தில் இப்போது வேடிக்கை இல்லை.

"ஷெரீஃப் ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க. நான் வீட்டிலிருந்தே பேசிட்டேன்" என்றாள் வெர்னா.

கார்டன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஆர்டித் அவரெதிரே போய் நின்றாள்.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டென்வர்லேர்ந்து எனக்கு வாழ்த்து அட்டை வந்துது, அத்தான். இருபத்திரண்டு அட்டை. டைப் அடிச்சு, அக்கா பேர் போட்டு. போன டிசம்பர்கூட வந்துது. அதெல்லாம் யார் அனுப்பினது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் போல அன்பான குரலில்தான் பேசினார்.

"நீ கவலைப்படக் கூடாதுன்னுதான், கண்ணு."

ஆர்டித் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பிறகு வெளியே நடந்தாள். ஷெரீஃபின் ஆட்கள் வந்து கடப்பாறை போட்டுக் கான்கிரீட் மூடியைப் பெயர்க்கும்வரை பனியில் கிணற்றோரமே நின்றாள். வெர்னா இருமுறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.