பெருவிரல் அளவு உருகிய பனி

“ஹீட்டரப் போட்டா பஸ்ஸு திரும்பி வராது. போடலேன்னா ஆளு திரும்பி வர்றதில்ல. இதுல எத எழுதியிருக்கீங்க ஹௌ அண்ணே?”

பஸ் டிரைவர் யாச்சின் போட்ட கூச்சலில் சார்ஜ் ஏற்றும் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. வெந்நீர் பிடிக்கிற சாக்கில் நாங்கள் நாலைந்து பேர் அங்கேயே நின்றோம். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் எங்கள் டிப்போ குடியிருப்பில் கிடையாது.

“ஹீட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு உன் வாக்குமூலத்துல எழுதியிருக்கேன். ரேகை வச்சிட்டுப் போ,” என்றார் மேலாளர் ஹௌ. “ரொம்பத்தான் துள்ளாத. கரண்டு மிச்சம் பிடிச்சதுக்கு ரெண்டு மாசமா செவப்புப் பாராட்டுப் பலகையில யாரு பேரு இருக்கு? என் பேரா?”

அந்தப் பலகையை அவள் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியதை நாங்களும் மறக்கவில்லை.

ஐந்து நாளைக்கு முன்பு, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி குளிர். ஹௌ சொல்லி வைத்தபடி, சார்ஜ் மிச்சம் பிடிக்க, மூன்றாவது நடைக்கு யாச்சின் ஹீட்டரை அணைத்தாள். நடை முடிந்ததும் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கடைசி சீட்டில் ஒரு குவியல். பின்கதவில் வாடைக்காற்றை மறைக்க வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டியிருந்த பஞ்சு மெத்தைத் திரைதான் அவிழ்ந்து கிடக்கிறது என்று நினைத்தாள். சார்ஜில் மாட்டினாள், பூட்டினாள், போய்விட்டாள்.

காலையில் பார்த்தால் அது மெத்தைத் திரையேதான். அதற்கடியில் எங்கள் பக்கத்துக் கட்டடத்துப் பெரியவர் பியென், விறைத்துச் செத்துப்போய். இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று பார்க்க, ஜன்னல் பனியை விரலால் உருக்கியிருக்கிறார். பெருவிரல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

வேலை போனால் குடியிருக்கும் டிப்போ வீடும் போகும். யாச்சின் சிவப்பு மையில் பெருவிரலைத் தோய்த்து, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தினாள். “அந்தக் கெழவர் மூஞ்சியில நீங்க முழிக்கணும்!” என்றாள். ஹௌ காகிதத்தை ஊதிக் காயவைத்தார்.

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது அதே பஸ்.

விரலைப் பனியில் தேய்த்தும் மை போகவில்லை. ஏறிப் பார்த்தாள். எல்லா ஜன்னலிலும் உட்புறம் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது. கடைசி சீட்டு ஜன்னலில் மட்டும் பெருவிரல் அளவுக்குத் தெளிந்த ஓட்டை. யாராவது மெக்கானிக் வைத்திருப்பான், வேலையற்றவன்.

முதல் இரண்டு நடை சூடாகப் போனது. மூன்றாவதில், ஹௌவை வாய்க்குள் திட்டிக்கொண்டே, அணைத்தாள்.

“டிரைவரக்கா, எங்கள அப்படியே சந்தையில இறக்கிருங்க. உறைஞ்ச பேரிக்கான்னு வித்துரலாம்,” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“கடைசி சீட்டுல உக்காந்து பாரு, வெல கூடும்!” என்று கத்தினாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே உடம்பு கூசியது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். இந்த முறை எழுந்து போய், ஒவ்வொரு சீட்டாகத் தடவிப் பார்த்தாள். யாருமில்லை. நாலரை மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. இருபத்திரண்டு சதவீத சார்ஜோடு, காலி பஸ்ஸைத் திருப்பி ஆற்றுப் பாலத்தில் ஏற்றினாள்.

டீசல் பஸ்ஸாக இருந்தால் அதன் இரைச்சலிலேயே பாதி பயம் அடங்கிப்போகும். கரண்டு பஸ் அப்படியில்லை. பனி உருகத் தூவிய உப்பு சக்கரத்தடியில் நெரிவது, கைப்பிடி வார்கள் ஒன்றோடொன்று உரசுவது, தன் மூச்சு கழுத்துத் துண்டில் உறைந்து மொறுமொறுப்பது என்று எல்லாமே அவள் காதுக்குள் நடந்தன. இவற்றுக்கு நடுவே இன்னொரு சத்தமும் இருந்தது. ஈர விரலைக் கண்ணாடியில் தேய்க்கிற சத்தம்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கடைசி ஜன்னலில் ஒரு ஓட்டை. அதற்கு முந்தின ஜன்னலிலும் ஒன்று.

பாலத்து விளக்கொன்று கடந்தது. இப்போது மூன்று. ஓட்டைகளின் விளிம்பு சிவப்பாக இருந்தது.

பழைய பஞ்சின் ஈர நெடி வந்தது. அந்த மெத்தைத் திரையை அன்றே எரித்துவிட்டார்கள்.

“நான் என்ன பண்ணட்டும்?” என்று பின்னால் பார்க்காமல் கத்தினாள். “அந்தாளு எழுதுனான். நான் ரேகதான் வச்சேன்!”

நாலாவது ஜன்னல். தேய்ப்பு. ஐந்தாவது.

ஹீட்டரை முழு வேகத்தில் திருகினாள். சூடான காற்று சீறியது. தேய்ப்பு நின்றது. பதினாறு சதவீதம். பதினொன்று. போகட்டும். ஆறு. பாலத்தின் முடிவு தெரிந்தது. மூன்று.

பஸ் நின்றது. பாலத்தைத் தாண்டாமலே.

விளக்குகள் அணைந்தன. ஹீட்டர் ஒருமுறை இருமியது. ஓய்ந்தது.

அவள் மூச்சு. வேறு சத்தமில்லை.

அவளுக்கு நேர் எதிரே, பெரிய முன்கண்ணாடியில், உட்புறமாகப் பனி பூத்து ஏறியது. முழுவதும் மூடியது. பிறகு அவள் முகத்துக்கு நேராக ஒரு பொட்டு உருகியது. சிவப்பாக. மெதுவாக. அழுத்தி. அதில் ரேகைகூடத் தெரிந்தது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் அவள் பெருவிரலில் அரிவாள் பட்டது.

தன் விரலைப் பார்த்தாள். மை இல்லை.

இழுவை வண்டிக்காரன் வந்தபோது மேல்கோட்டுகூட இல்லாமல் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தாளாம். நேராக ஹௌவிடம் போய்க் காகிதத்தைத் திருப்பிக் கேட்டாள். “அது மேல போயாச்சு,” என்றார்.

ஹௌவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வசந்தத்தில் தலைமை அலுவலகத்துக்கு மாறினார், மகளுக்கு ஜாம்ஜாமென்று கல்யாணம் செய்தார். நாங்களும் போய் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுத்தான் வந்தோம், வெட்கமில்லாமல். யாச்சின் குளிரே இல்லாத ஹைனான் தீவுக்குப் போய் ஒரு மீன்காரரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், கொஞ்சம் செவிடு. அவளைப் பார்த்து வந்த அவள் தங்கை சொன்னதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற, முப்பத்து மூன்று டிகிரி புழுக்கத்தில், விடிகாலையில் அந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் உட்புறம் கெட்டியாகப் பனி பூத்திருக்கிறதாம். அவள் தலைமாட்டுக்கு நேரே, பெருவிரல் அளவுக்கு மட்டும் சிவப்பாக உருகியிருக்கிறதாம்.