விடைகொடுக்காத கை

பால் பொங்கி இறக்குவதற்குள் அக்காவின் வலது கை திரும்பியிருந்தது.

போர்வைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தங்கை அடுக்களைக்குப் போனாள். இப்போது உள்ளங்கை மேலே பார்த்தபடி விரிந்திருக்க, கட்டைவிரல் மட்டும் மடங்கி மோதிரவிரலின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்து இரண்டு கையும் பேச்சும் போன நாளிலிருந்து ஒரு ஈயைக்கூட ஓட்டாத கை அது. சந்தோஷத்தில் கத்தியிருக்க வேண்டியவள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று முதலில் வாசலைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்து அவளுக்கே கூசியது.

அவள் கைமுத்திரைகள் சொல்லிக் கொடுப்பவள். மாடியில் வகுப்பு, மீதி நேரத்தில் போனில் வீடியோ. "விரலை மடக்கியே ஊரை ஏமாத்துறடி நீ" என்று அக்கா நன்றாக இருந்த காலத்தில் கேலி செய்து சிரிப்பாள்.

நேற்று அந்தக் கேலியைத் தங்கை உண்மையாக்கிவிட்டாள். அக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்து நிமிர்த்தி, கட்டைவிரல்களைத் தானே மோதிரவிரல்களின் அடியில் அழுத்தி மடக்கிவிட்டு, சட்டென்று விலகி கேமராவைப் பார்த்து, "பாருங்க, அக்கா தானாவே ஆவாஹன முத்திரை வைக்கிறாங்க" என்றாள். பூஜையில் தெய்வத்தை அழைக்கும் முத்திரை அது. வா, இங்கே வந்து இரு என்று பொருள். அழைத்தவர்கள் முடிவில் புறங்கைகளை ஒட்டி, விரல்களைக் கோத்துத் திருப்பி, விடைகொடுக்கும் முத்திரையும் வைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் வந்தது போகாது. வகுப்பில் அதை யாராவது மறந்தால் கத்துவாள். அக்காவின் விறைத்த மணிக்கட்டு அதற்கு வளையவில்லை. வீடியோவில் பார்க்கவும் நன்றாக இருக்காது. விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. அக்காவின் கணவர்.

"வீடியோ பாத்தேம்மா. ஆபீஸே கூடி நின்னு பாத்துச்சு. நிஜமா அவளா செஞ்சா?"

"ஆமா அத்தான்."

"நீ இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போமோ. இதோ கிளம்பிட்டேன்."

அவர் அழுவது கேட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

போனை வைத்தபோது, மின்விசிறியின் கறகறப்புக்கு அடியில், காய்ந்த குச்சி ஒடிவதுபோல் சொடக்கென்று ஒரு சத்தம். தைல வாடையையும் மீறி, அப்போதுதான் அணைந்த திரியின் புகை நாற்றம் அறைக்குள் பரவியது. அந்த வீட்டில் இன்று யாரும் விளக்கே ஏற்றவில்லை. போர்வைக்குள்ளிருந்து இடது கையும் ஊர்ந்து வெளியே வந்து, வலது கையின் பக்கத்தில் நிமிர்ந்து படுத்தது.

"அக்கா, நீயா பண்ற?"

ஆமென்றால் ஒருமுறை கண் சிமிட்டுவாள். இல்லையென்றால் இரண்டு முறை.

இரண்டு முறை சிமிட்டினாள்.

தங்கை பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தாள். விடைகொடுத்துவிடலாம். இப்போதாவது. புறங்கைகளை ஒட்ட முயன்றாள். முடியவில்லை. சூடு. அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தின் சூடு. அவை அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அடம்பிடிக்கும் குழந்தையின் கையை ஒதுக்குவதுபோல, மெதுவாக ஒதுக்கின.

சொல்லிவிட வேண்டும். அத்தானிடம் உண்மையைச் சொன்னால், விவரம் தெரிந்த யாரையாவது கூட்டி வருவார். அக்காவைக் காப்பாற்றிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்.

கதவைத் திறந்துகொண்டு அத்தான் வந்தார்.

"அத்தான், நேத்து நான்..."

அக்காவின் வலது கை எழுந்தது. முழங்கை மடங்கி, உள்ளங்கை அவர்களைப் பார்க்க, விரல்கள் நேராக நிமிர்ந்தன. அபய முத்திரை. அஞ்சாதே என்று பொருள்.

"ஐயோ, பாரும்மா! கையத் தூக்குறா!" அத்தான் அழுதுகொண்டே சிரித்தார். போனை எடுத்து நீட்டினார். "என்னவோ சொல்ல வந்தியே, என்ன?"

நீட்டிய போனைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தான்."

"நீ செஞ்ச புண்ணியம்தான் இதெல்லாம். அவ பக்கத்துல நில்லு. கொஞ்சம் சிரி."

நின்றாள். சிரித்தாள். அக்காவின் முகம் பார்க்காமல்.

அத்தான் கையைத்தான் படம் பிடித்தார். அந்தக் கைக்குக் கீழே அக்காவின் கண்கள் பிதுங்கி, கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிய, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.