வழித்த பக்கம்

கூடத்து மாடிப்படிக்கு அடியில் இருந்த சுவரைச் சுத்தியலால் தட்டியபோது வந்த ஓசை கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. வளைவு வைத்த ஜன்னல்களால் தெருவையே முறைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பழைய செங்கல் வீட்டில், இரண்டடிக் கனச் சுவரில் எங்கே தட்டினாலும் சத்தம் செத்து விழும். இங்கே மட்டும் உள்ளே யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது போலிருந்தது.

"அந்தச் சுவர விட்டுடுங்களேன்," என்றாள் சித்தாளாகக் கூட வந்திருந்த மனைவி. "வந்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல."

"இங்கதான் அலமாரி வேணுமாம். வேணும்னா வீட்டுக்காரர்கிட்ட நீ போய்ச் சொல்லு. போ, மணல சலி."

முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனாள்.

நடுப்பகல்தான். தெருவில் ஆள் நடமாட்டமும் இருந்தது. ஆனால் ஒரு குரல்கூடக் கூடத்துக்குள் எட்டவில்லை. பூச்சை உதிர்த்து நான்கு கற்களைப் பெயர்த்தார். ஈரச் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. நூறு வருஷச் சுவருக்குள் ஈரம் ஏது? செல்போன் வெளிச்சத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம். நாலு பக்கமும் செங்கல். காலி.

நிம்மதியாகச் சுவரின் உட்பக்கத்தைத் தடவியவர் கையை வெடுக்கென்று இழுத்தார்.

எந்தக் கொத்தனாரும் பிதுங்கும் சாந்தைத் தான் நிற்கும் பக்கத்தில்தான் கரணையால் வழிப்பார். கை எட்டாத மறுபக்கம் பிதுங்கியபடியே காய்ந்துவிடும். இங்கே கூடத்துப் பக்கம் சாந்து கண்டபடி பிதுங்கியிருந்தது. உள்ளே ஒவ்வொரு இடுக்கும் வழித்து, அத்தனை நேர்த்தி. கட்டியவன் உள்ளே நின்று கட்டியிருக்கிறான். கட்டி முடித்துவிட்டு எங்கே போனான்?

வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். கரணையைக்கூட எடுக்காமல் பின்பக்கம் ஓடினார்.

சல்லடை கிடந்தது. அவள் இல்லை. ஈரக் கால்தடம் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போயிருந்தது.

"ஏய்! எங்க இருக்க?"

"இங்கதாங்க."

கூடத்திலிருந்து. எப்போதும் போன்ற குரல். கூடவே, சரக்... சரக்...

ஓடினார். கரணை இல்லை. பெயர்த்துப் போட்ட கற்களும் இல்லை. ஆள் நுழையவே முடியாத அந்த ஓட்டையில் மூன்று கல் ஏறியிருந்தது. மிச்சமிருந்த இடைவெளியில் ஒரு கை. அவள் வளையல். வாழ்நாளில் கரணை பிடிக்காத கை.

எட்டிப் பிடித்தார். ஜில்லென்றிருந்தது. அது பொறுமையாக அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

"அவசரப்படாதீங்க. முடிஞ்சிடுச்சு."

கடைசிக் கல் உள்ளிருந்து நகர்ந்து வந்து உட்கார்ந்தது. சாந்து அவர் பக்கம் பிதுங்கியது. மறுபக்கத்தில், நிதானமாக, வழிக்கும் சத்தம்.