கட்டம் கட்டமாக வந்த படம்

திரையில் எதுவுமே அசையவில்லை. ஆனாலும் மேசைக்கடியில் இருந்த சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலே இல்லாத கட்டுப்பாட்டு அறை. ஏசியின் முனகலும், ஆறிப்போன காபியின் வாடையும், சூடேறிய பிளாஸ்டிக் நெடியுமாக அவள் தனியே உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர்களெல்லாம் கீழே நிலவறையில் இருந்தன. மேலே திரையும் கீபோர்டும் மவுஸும் மட்டும். நடுவே விரல் பருமனில் ஒரு கேபிள், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. கீழ்ப்பெட்டி படத்தைப் பொடிக் கட்டங்களாக நறுக்கி, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பும். மேல்பெட்டி அவற்றைப் பழைய படத்தின்மேல் ஒட்டும். அங்கேயே டெக்னீஷியனாக இருந்த அவள் கணவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல அது என்ன எங்கம்மாவா? மாறினாத்தான் வாயத் திறக்கும். விளக்கு துடிச்சா படத்துல ஏதோ மாறுதுன்னு அர்த்தம்."

திரையில் இருந்தது நிலவறைக் கேமராவின் காட்சி. இரும்பு அலமாரிகள், அவற்றின் இடுக்குகளில் இருட்டு, ஆளில்லாத தரை. என்னதான் மாறுகிறது? மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தாள். இடுக்கின் இருட்டு, கொஞ்சமே கொஞ்சம், முன்னால் நகர்ந்தாற்போல் இருந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கீழே போனான். திரையில் அவன் கதவைத் திறந்து வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. போனைக் காதில் வைத்தபடி இடுக்கு இடுக்காக எட்டிப் பார்த்தான்.

"ஈ காக்கா இல்லம்மா இங்க."

"விளக்கு இன்னும் வேகமா துடிக்குதுங்க. வந்துடுங்க."

"பெட்டி திணறுதுபோல. மாத்தம் ரொம்ப அதிகமானா இருட்டா இருக்கற கட்டத்தையெல்லாம் விட்டுடும். கேபிளப் பிடுங்கிப் போடு, முழுப் படத்தையும் புதுசா அனுப்பும். நான் அசையாம நிக்கறேன்."

பிடுங்கினாள். திரை கறுத்தது. செருகினாள்.

படம் கீழிருந்து மேலாக, கட்டம் கட்டமாக நிரம்பத் தொடங்கியது. அவன் ஷூக்கள். அவற்றைச் சுற்றி வெறுங்கால்கள். ஒன்றிரண்டு இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை, எள் விழ இடமில்லாமல்.

"என்னங்க! ஓடி வாங்க!"

"ஏன் கத்தற? இங்கதான் யாருமே இல்லையே."

திரையின் மூலையிலிருந்த அபாயமணிப் பொத்தானை அழுத்த மவுஸை இழுத்தாள். அம்பு நகரவில்லை. கீபோர்டைக் குத்தினாள். தட்டினாள். அறைந்தாள். எதுவும் கீழே போய்ச் சேரவில்லை.

அடுத்த கட்டங்கள். இடுப்பு. சட்டையைக் கொத்தாகப் பற்றிய விரல்கள். முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்ட அவன் கைகள்.

இரண்டு கைகளும்.

போன் அவனிடம் இல்லை.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" அவன் குரலேதான். அதே செல்லம்.

கடைசிக் கட்டங்கள் நிரம்பின. முகம். அவன் வாயை அழுந்தப் பொத்தியிருந்த ஒரு நீளமான உள்ளங்கை. அதற்கு மேலே, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்கள்.

"பயப்படாத," என்றது காதோரம் அவன் குரல். "இதோ, நான் மேல வர்றேன்."

திரையில், அந்தக் கைக்குள்ளேயே, அவன் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது.